நொறுங்கிய ஸ்விஃப்டும் ஐடிவி கணக்கும்

புனேயில் என் ரூம்மேட் கோயமுத்தூர்க்காரர். சம்பளத்தில் பாதி அவருடைய ஸ்விஃப்டுக்குத்தான் போகும். போன மழையில் கண்டாலா மலைப்பாதையில் சறுக்கி, பாறையில் மோதி, கார் அப்பளம். அவருக்கு ஒரு கீறல் இல்லை, சாமி புண்ணியம்.

சர்வேயர் வந்தார், பார்த்தார், கணக்குப் போட்டார். 7 லட்ச ரூபாய் கார். 3 வருஷம் தாண்டியதால் 40 சதவீதம் கழித்து பாலிசியில் போட்டிருந்த மதிப்பு, அதாவது ஐடிவி, 4.2 லட்சம். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. எஸ்டிமேட்டோ 3.4 லட்சம். ஆச்சு, கதை முடிந்தது.

மியூசிக் சிஸ்டத்தை மட்டும் பாலிசியில் சேர்த்து, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தார். அதற்குக் காசு வந்தது. பார்த்துப் பார்த்து மாற்றிய அலாய் வீல், சஸ்பென்ஷன்? "பில் இருக்கு, பாலிசியில இல்லியே" என்று இந்தியில் சொல்லிவிட்டார் சர்வேயர். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்க, என்னத்தை வாதாடுவது?

பரணில் ஒரிஜினல் சக்கரங்கள் கிடந்தன. சர்வேயரிடம் கேட்டு, அவற்றைக் கொடுத்து அலாய் வீலைக் கழற்றிக்கொண்டோம். இப்போது நாலும் எங்கள் ஹாலில். தினமும் துடைக்கிறார் மனுஷன்.

உங்க பாலிசியில் என்னென்ன எழுதியிருக்கு, இன்னிக்கே எடுத்துப் பாருங்க மக்கா.