எதிர்வீட்டுப் பன்னீர் ரோஜா

எதிர்வீட்டு அக்கா கவாத்து செய்து குப்பையில் போடவிருந்த பன்னீர் ரோஜாக் குச்சிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், மொத்தம் 6. அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த பையில் ஊன்றினேன். கற்றாழைச் சோற்றில் தோய்க்கச் சொன்னார் அம்மா. தோய்த்தேன், அதனால்தான் வேர் பிடித்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பத்தாம் நாள் துளிர் விட்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன். வேரே இல்லாமல், தண்டில் மிச்சமிருக்கும் சத்தை வைத்தே குச்சி துளிர்த்துவிடும். சத்து தீர்ந்ததும் கருகிவிடும். மூன்று அப்படிப் போயின. நான்காவதை, வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்த்து நானே கெடுத்தேன். (சின்னப்பிள்ளைத்தனம்தான்.)

மிச்சம் இரண்டின்மேல் வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, நிழலில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஐப்பசி ஈரமும் கைகொடுத்தது. ஐந்து வாரம் கழித்து நேற்று மெல்ல அசைத்தால், இரண்டும் கெட்டியாக நிற்கின்றன!

ஒன்று எனக்கு. இன்னொன்றை அக்காவிடம் நீட்டினால், “என்கிட்ட புதரே இருக்கே, எனக்கெதுக்கு?” என்று சிரிக்கிறார். யாருக்கு வேண்டும்?