எச்சரிக்கை

லிஸ்ப் 1958ல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய கம்ப்யூட்டர் பாஷை. நான் பழகுவது ஸ்டீல் பாங்க் காமன் லிஸ்ப். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு லிஸ்பிலிருந்து 1999ல் கிளைத்தது. எஃகு கார்னகியுடையது, பாங்க் மெல்லனுடையது. பாங்க் குமாஸ்தாவான எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

ஒரு வரி தட்டினால் உடனே பதில் வரும். எக்ஸ் என்ற பெயருக்கு 10 என்று மதிப்புக் கொடுத்தேன். 10 என்றது, அதற்கு முன்னால், எக்ஸ் என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை என்று பல வரி எச்சரிக்கை. சும்மா தட்டிய வரியையும் முழு நிரல் மாதிரியே கம்பைல் செய்துதான் அது நிறைவேற்றுகிறது. முறையாக அறிவித்துவிடலாம். ஆனால் அறிவித்த பெயருக்கு நிரல் முழுவதும் தனி அந்தஸ்து வந்துவிடுகிறது. அதனால்தான் அப்படிப்பட்ட பெயர்களை இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டு எழுதுவது வழக்கம். கிறுக்கிப் பார்க்க வந்தவனுக்கு இது அதிகம்.

எரிச்சலில் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் அடக்கும் ஒரு வரியைத் தட்டினேன். சில நாள் கழித்து, தொகைகளைக் கூட்ட எழுதிய நிரல் பூஜ்யத்தையே தந்துகொண்டிருந்தது. 'மொத்தம்' என்ற பெயரை ஓரிடத்தில் 'மொதம்' என்று தட்டியிருந்தேன். கூட்டியதெல்லாம் அந்தப் பெயரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சொல்லியிருக்கக்கூடிய குரலை நானே அடைத்திருந்தேன்.

இரண்டு இடத்திலும் எச்சரிக்கையின் வாசகம் ஒன்றுதான். முயன்று பார்க்கும் வரி எது, நிற்க வேண்டிய வரி எது என்பது கம்பைலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் நோட்டிலிருந்து பாதி எழுதிய கவிதையைப் படித்தார். மூன்றாவது வரியிலேயே, இந்தப் படிமம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டேன். கேள்வி சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் நோட்டை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அச்சானதை மட்டுமே காட்டுகிறார். நான் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டுகிறார். அவரும் ஒரு வரி தட்டி என்னை அடக்கிவிட்டார். போன மாதம் வந்த அவர் கவிதையில் ஒரு வார்த்தை தப்பாக விழுந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்த லிஸ்பில் வேறொரு வழியும் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தட்டும் வரிகளைக் கம்பைல் செய்யாமல் அப்படியே நிறைவேற்றும்படி மாற்றி வைக்கலாம். எழுதி முடித்த கோப்பை மட்டும் கம்பைலரிடம் கொடுக்கலாம். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். நண்பர் அந்த நோட்டை இன்னும் திறக்கவில்லை.