எண்ணாயிரத்து நெல்லும் நம் கல்லூரிகளும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில்கள் இரண்டு உள்ளன. அதற்கு அண்மையிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், ஒரு கல்லூரி நடந்ததென அவ்வூர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டுக் கூறுகிறது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணவர் 270 பேருக்கு நாள்தோறும் ஆளுக்கு ஆறு நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் பயின்ற முதுநிலையினர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இச்செலவுக்கென 45 வேலி நிலம்.

இக்கல்வெட்டை எண்ணிப் பெருமிதம் கொள்வோர் உண்டு. நமக்கோ அது மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது. வேதம் ஓதும் உரிமை பெற்ற குலத்தாருக்கே அக்கல்லூரியின் கதவு திறந்தது. அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கியவர்தம் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. ஆயினும், உள்ளே சேர்த்துக்கொண்ட மாணவனுக்கு ஏட்டோடு சோறும் வேண்டும் என்பதை அன்றைய சபையார் நன்கு உணர்ந்திருந்தனர்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கிறது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்னர்த் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியும், 1925இல் சென்னையில் எழுந்த இலயோலாவும் எத்தனையோ எளிய குடும்பங்களைக் கைதூக்கிவிட்டன. அதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் நெல் எங்கே?

நம் கிளைக் கிராமத்து மாணவி ஒருத்தி, கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று வெளியூர்க் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் பெற்றாள். பங்குத்தந்தையின் கடிதமும் துணை நின்றது. கிடைத்த இடமோ சுயநிதிப் பிரிவில். அரசு உதவி பெறும் பிரிவில் கட்டணம் குறைவு. ஒரே வளாகத்தில் மாலையில் நடைபெறும் சுயநிதிப் பிரிவில் அதிகம். அரசுப் பள்ளியில் படித்தவளாதலால் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதந்தோறும் வந்தது. விடுதிக்கு அது போதவில்லை. வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். இரண்டாம் பருவத்தில் பெட்டியோடு திரும்பிவிட்டாள். பதிவேட்டில் அவள் 'இடைநின்றவர்'.

சட்டத்தைச் சற்று நோக்குவோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. 2005இல் நிறைவேறிய 93ஆம் திருத்தம், தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு செய்ய அரசுக்கு வழிவகுத்தபோது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்களித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை ஏற்றது. எனவே நம் கல்லூரிகளில் யாரைச் சேர்ப்பது என்பது பெரிதும் நம் மனச்சான்றின் பொறுப்பாகிவிட்டது.

இன்னொரு புறம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினர் அல்லர். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவ்வாணை திருத்தப்பட்டது, நமக்கு இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பயனில்லை. தமிழ்நாட்டில் நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நின்று, தலைமுறைகளாக நிலமும் படிப்பும் உடையவர்களோடு போட்டியிட வேண்டும். தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் தலித் மக்களே. சிறுபான்மை உரிமை என்னும் பெயரால் கிடைக்கும் சலுகையில் அவர்களுக்குரிய பங்கை யார் அளந்து பார்க்கிறார்? "கத்தோலிக்க மாணவர் இத்தனை விழுக்காடு" என்று ஆண்டறிக்கை சொல்லும்; அவர்களுள் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டை முடித்தனர் என்பதையும் சொல்லலாமே! 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயலும் ஆகாது எனக் கண்டித்ததை நினைவில் கொள்வோம்.

நாம் கேட்பது பெரிதன்று. முதல் தலைமுறை மாணவருக்கு உதவி பெறும் பிரிவில் முன்னுரிமை. முதல் ஆண்டில் தமிழிலும் விளக்கம். உதவித்தொகை வரும்வரை விடுதியில் கடன் சோறு. திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியைப் பங்குகளும் இதற்குத் தரலாம். (வாணவேடிக்கையைத் தொட்டால் சிலர் சினப்பர், சினக்கட்டும்.)

அம்மாணவி மறு ஆண்டே அரசுக் கல்லூரியில் மீண்டும் முதலாண்டில் சேர்ந்தாள். காலையில் வீட்டில் உண்டு, பேருந்தில் சென்று, மாலையில் திரும்புகிறாள். இப்போது இறுதியாண்டு.