கஜா வருது!

எங்கள் ஊருக்கு வானிலை அறிக்கை மூன்று இடங்களிலிருந்து வரும்.

முதலாவது சென்னை நுங்கம்பாக்கம். ரமணன் சார் 2016-ல் ஓய்வு பெறும்வரை டி.வி.யில் அவர் முகம் தெரிந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். இரண்டாவது எங்கள் அத்தை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறதா, தும்பி தரையை ஒட்டிப் பறக்கிறதா என்று பார்த்துவிட்டு, வறட்டியை எடுத்து உள்ளே அடுக்கி விடுவார். (அடுக்கிய பிறகு மழை வராத நாட்களும் உண்டு. அதை அத்தையிடம் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது.)

மூன்றாவது மணி. மணி என்பது தெரு நாய். நாய்க்கு மணி என்று பெயர் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் தமிழ்நாட்டில் பாதி நாய்கள் பெயரில்லாமல் போய்விடும். வாடைக்காற்று திரும்பினால் மணி, நெல் அவிக்கிற அடுப்பில் இறங்கி சாம்பலுக்குள் சுருண்டுவிடும். உடனே சித்தப்பா, "ஸ்வெட்டர் எங்கே?" என்பார். நுங்கம்பாக்கத்தைவிட அவருக்கு மணி மேல் நம்பிக்கை அதிகம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறு பக்கம், காவிரி "இதுக்கு மேல நம்மால ஆவாதுப்பா" என்று மூச்சு வாங்குகிற கடைமடைக் கிராமம் எங்களுடையது. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறந்து மலர் தூவுவதை டி.வி.யில் பார்த்து நாங்களும் கை தட்டுவோம். அது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் கை தட்டியவர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த வருஷம் பாதிப் பேர் நாற்றங்காலுக்கு உழவே ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் லேட்டாக வந்தாலும் கஷ்டம், சீக்கிரம் வந்தாலும் பதட்டம்.

மழையும் இதே ரகம்தான். வருஷத்து மழையில் பெரும் பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் 2023 பிப்ரவரி முதல் வாரம், அறுப்புக்கு நின்ற சம்பா மேல் வந்து கொட்டியது. கதிர் எல்லாம் படுத்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பது வழக்கமான விதி. தை மாசம் முடியப்போகிற சமயத்தில் மழை பெய்தால் 17 சதவீதம் எங்கே நிற்கும்? ஆகவே நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைப்பார்கள். நாய், மாடு, மழை மூன்றும் சந்திக்கிற இடம் இதுதான்.

தார்ச்சாலையில் காய்ந்த நெல் இதமாகச் சூடாக இருக்கும். மணியும் அதன் சகாக்களும் அதன் மேல் படுத்துக்கொள்ளும். விரட்டினால், ஆபீஸில் மத்தியான நேரம் தட்டி எழுப்பப்பட்ட சீனியர் கிளார்க் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த குவியலில் போய்ப் படுக்கும். நாய் போனதும் மாடு வரும். மாட்டை விரட்டிக் கொண்டிருக்கும்போது மேகம் கறுக்கும்.

மாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு மாடு உங்கள் வயலில் நிற்கிறது. "இது யார் வீட்டு மாடு?" என்று கேளுங்கள். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கிற நேரத்தில் மட்டும் சொந்தக்காரர் செம்போடு வந்துவிடுவார். நான் பி.காம். படித்தவன். கறக்கும்போது அஸெட்டாகவும் மேயும்போது அடுத்தவன் லயபிளிட்டியாகவும் ஒரே பொருள் இருக்க முடியும் என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. இதற்காகவே வெள்ளைக்காரன் 1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று போட்டான். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஆனால் மாட்டைப் பவுண்டில் அடைத்தால், அடுத்த மூன்று தலைமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை நமக்கு வராது.

முன்பெல்லாம் இவ்வளவு மாடு ரோட்டில் திரிந்ததில்லை. உம்பளச்சேரி எங்கள் பக்கத்து ஊர்தான். அந்த ஊர் பெயரிலேயே மாட்டு இனம் இருக்கிறது. கட்டை உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சேற்று வயலில் இறங்கினால் அசராமல் உழும். பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்துக் கொருக்கையில் இதற்கென்றே அரசாங்கப் பண்ணை வைத்திருக்கிறார்கள். இதில் பசு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிசு. காளைக்கு உழவு, பசுவுக்குக் கன்று, எருவுக்குச் சாணம் என்று கணக்கு நேராக இருந்தது. டிராக்டர் வந்து காளைக்கு வி.ஆர்.எஸ். கொடுத்தது. அறுவடை மெஷின் வந்த பிறகு வைக்கோல் நசுங்கி வயலிலேயே கிடக்கிறது. அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு மெஷின், அதற்கு வாடகை. மாடு என்ன செய்யும்? ரோட்டுக்கு வந்துவிட்டது.

நாய்க்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதற்கு எந்தக் காலத்திலும் சம்பளமில்லாத உத்தியோகம்தான். கடைசி பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடாதீர்கள். ஓடுகிறவனைத் துரத்துவது என்று அதற்கு ஏதோ ஒரு சர்க்குலர் இருக்கிறது. மீறிக் கடித்துவிட்டால் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று சமையல் பண்ணாமல், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அப்புறம் நேரே ஆரம்ப சுகாதார நிலையம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள், அதுவும் நாலைந்து முறைதான்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். முகாமுக்குப் போகச் சொல்லி மைக்கில் கூப்பிடுகிறார்கள். மனுஷனுக்கு முகாம் உண்டு, மாட்டுக்கு இல்லை. சித்தப்பாவின் கொட்டிலில் ஒரு உம்பளச்சேரிப் பசுவும், பிறந்து இரண்டு மாசமான கிடேரிக் கன்றும் நின்றன.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

"அவுத்து விடுங்க" என்றார் சித்தி.

"அவுத்து விட்டா நேரா எவன் வயலுக்காச்சும் போவும். சம்பா நட்டு நிக்குது. நாளைக்கு ஊர்ல தலை காட்ட முடியுமா?"

"நாளைக்குன்னு ஒண்ணு இருந்தா பாத்துக்கலாம்."

சித்தப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் டெல்டாவில் மாட்டை அவிழ்த்து விடுவது, பஸ்ஸில் அடுத்தவர் பையில் கை விடுவது மாதிரி. கொட்டிலும் பலமான கொட்டில்தான். பனை உத்திரம், ஓடு. முப்பது வருஷம் மழையைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரரும் தன் இரண்டு மாட்டைக் கூடுதலாக ஒரு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் முகாமுக்குக் கிளம்பினார். நல்ல எண்ணத்தில்தான் கட்டினார்.

இவர்கள் பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. அத்தை எறும்பையும் பார்க்கவில்லை, தும்பியையும் பார்க்கவில்லை. கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கயிற்றை அறுத்தார். பசுவின் முதுகில் ஒரு தட்டு. கன்று பின்னாலேயே ஓடியது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டார். (அந்தக் காற்றுக்குக் குடை!)

அன்று ராத்திரி பள்ளிக்கூட முகாமில் யாரும் தூங்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் அடித்த காற்றைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காதுக்குள் யாரோ ரைஸ் மில் ஓட்டுகிற மாதிரி இருந்தது. நடுவில் திடீரென்று அடங்கியது. "முடிஞ்சிடுச்சு" என்று நாலு பேர் வெளியே கிளம்பினார்கள். பெரியவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

விடிந்து வீட்டுக்கு வந்தால், கொட்டில் இருந்த இடத்தில் ஓட்டுக் குவியல். பனை உத்திரம், பசு நிற்கிற இடத்தில் குறுக்கே கிடந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு மாடும் கட்டின கயிற்றோடு போய்விட்டன. அந்த மனுஷன் அழவில்லை. கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழையில் ஊறி இறுகியிருந்தது, வரவில்லை. கடைசியில் சித்தப்பாதான் போய் அவர் கையை எடுத்துவிட்டார்.

மணி எங்கிருந்தோ வந்து வாலை ஆட்டியது. எப்படித் தப்பித்தது என்று அது சொல்லவில்லை.

நாலாம் நாள், மரம் விழுந்த ரோட்டில் சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் போய், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் பசுவைக் கண்டுபிடித்தோம். ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்தது. பக்கத்தில் சிவப்புக் கன்று. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறேழு மாசத்தில் சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சிவப்புதான் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்தது. அந்த வீட்டுக்காரருக்குத் தென்னை முழுக்கச் சாய்ந்து கிடந்தது.

சித்தப்பா வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார். "மாடு உங்க நாத்தை மேஞ்சிருக்கும். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். "எந்த நாத்துண்ணே? அங்க பாருங்க, வயலு கடலா கெடக்கு. பணத்தை உள்ள வைங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். இன்னும் ரெண்டு நாள் இங்க நிக்கட்டுமா? தெருவுல நாலு கைப்புள்ளைங்க இருக்கு. பாக்கெட் பால் வரலை. உங்க மாட்டுப் பாலுதான் ஓடுது."

சித்தப்பா கன்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரம் வெச்சிக்கங்க" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவே இல்லை. எட்டாம் நாள் அவரே நடத்திக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனார். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இப்போது எங்களுக்கு முதலில் வருகிறது.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்தால் சித்தப்பா கட்டுத்தறியில் உருவாஞ்சுருக்குப் போட்டுத்தான் கட்டுகிறார். ஒரே இழுப்பில் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே கற்றுக்கொண்டார். இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்தக் கன்று இப்போது வளர்ந்து பசுவாகிவிட்டது. அந்தச் சுருக்கைத் தானே வாயால் இழுத்து அவிழ்க்கவும் கற்றுக்கொண்டது. புயலின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். இலங்கை கொடுத்த பெயர், யானை என்று அர்த்தம். சாப்பாட்டு விஷயத்தில் பொருத்தம்தான்.

போன தை மாசம், வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர் ஒருத்தர் லோன் விஷயமாக எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். ரோடு முழுக்க நெல் காய்கிறது. சித்தி வாசலிலிருந்து, "ஐயய்யோ, கஜா வருது! கஜா வருது!" என்று கத்தினார். தெருவே துடைப்பமும் சாக்குமாக ஓடியது. அந்தப் பையன் வானத்தை ஒரு தடவை பார்த்தான், ஃபைலைத் தலையில் கவிழ்த்துக் கொண்டான், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, இறங்கி வாங்க" என்றார் அத்தை. "அது நெல்லைத்தான் திங்கும்."