எலும்பின் தளர்ச்சியும் நம் செவியின் குறையும்



ஓசூரில் உள்ள எமது மதரஸாவில் ஆண்டுதோறும் மர்யம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களைப் பிள்ளைகளுக்கு விளக்கி வருகிறோம். முதுமையடைந்த ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் மெல்லிய குரலில் முறையிடும்போது, தலை நரைத்ததைச் சொல்வதற்கு முன்பே தம் எலும்பு தளர்ந்ததைச் சொல்கிறார்கள். இதைப் பல ஆண்டுகள் கற்பித்த நாம், அதே முறையீடு எமது வீட்டுக்குள் எழுந்தபோது செவி கொடுக்கவில்லை.

எமது தாயார் எழுபதைக் கடந்தவர்கள். "எலும்பெல்லாம் உளுத்துப்போச்சு தம்பி" என்று ஈராண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். "வயதாகிவிட்டதல்லவா அம்மா, ஸபூர் செய்யுங்கள்" என்பதே எமது மறுமொழி. விழுந்துவிடுவார்களோ என்று அஞ்சி, பகலெல்லாம் நாற்காலியிலேயே அமரவும் வைத்தோம். ஒருநாள் சுபுஹுக்கு உளூச் செய்யச் சென்றவர்கள் ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினார்கள். அந்தச் சிறு விழுகையிலேயே மணிக்கட்டு முறிந்தது.

"நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், விழுந்ததை மட்டும் பார்க்காதீர்கள், எலும்பையும் பாருங்கள்" என்றார் மருத்துவர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் அளவு மைனஸ் 3.1 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்திருக்கிறது.

எமது மாவட்டத்தில் எலும்பு வலி என்றால் தண்ணீரின் மேல் பழி போடுவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஃபுளோரைடு எலும்பை இறுகச் செய்து முதுகையும் மூட்டுகளையும் விறைக்க வைப்பது. எமது தாயாருக்கு நேர்ந்ததோ எலும்பு உள்ளுக்குள் குறைந்துபோவது. இரண்டும் வெவ்வேறு.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் அதில் பணியாற்றுகின்றன. அவற்றுக்கு ஆணையிடுபவை சில புரதங்கள்; அவற்றை இரத்தத்திலும் அளக்க முடிகிறது. ரேங்க் லிகண்ட் என்னும் புரதம் கரைக்கும் செல்களை ஏவுகிறது. ஆஸ்டியோபுரோட்டெஜரின் என்னும் புரதம் அதைப் பிடித்துத் தடுக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்தச் சமநிலை குலைந்து, கரைத்தல் மிகுகிறது. நம் தாய்மார்களே அதிகம் பாதிக்கப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது புரதம் ஸ்கிளிரோஸ்டின். எலும்புக்குள் பதிந்திருக்கும் செல்கள் இதைச் சுரந்து, கட்டும் செல்களைப் பணியை நிறுத்தச் சொல்கின்றன. வயது ஏற ஏற இரத்தத்தில் இதன் அளவும் ஏறுகிறது. நடக்கும்போதும் நிற்கும்போதும் எலும்பின்மேல் சுமை விழுந்தால் இதன் சுரப்பு குறைகிறது. அசைவற்றுக் கிடந்தால் கூடுகிறது. இதைக் கேட்டபோது அந்த நாற்காலி எமது நினைவுக்கு வந்தது. அன்பு என்று எண்ணிச் செய்தது தாயாரின் எலும்புக்குப் பகையாய் முடிந்திருக்கிறது.

இவ்வறிவிலிருந்து மருந்துகளும் பிறந்தன. ரேங்க் லிகண்டைத் தடுக்கும் ஊசி மருந்துக்கு 2010-லும், ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் மருந்துக்கு 2019-லும் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபி (ஸல்) அவர்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாக அறிவித்தார்கள். நாம் அந்த விதிவிலக்கை மட்டும் பற்றிக்கொண்டு, மருத்துவம் தேடும் கடமையைக் கைவிட்டோம். முதுமைக்கு மருந்தில்லை என்பது மெய். ஆயினும் முதுமையில் வரும் ஒவ்வொரு நோயும் முதுமை ஆகிவிடாது. பெற்றோரின் வேதனைக்கு வயதைக் காரணம் காட்டி நாம் ஒதுங்குவது ஸபூர் அன்று, அது அலட்சியம். பொறுமை அவர்களுடையது, மருந்து தேடுவது பிள்ளைகளின் பொறுப்பு.

இப்போது தாயார் வாரம் ஒருநாள் சுபுஹுக்குப் பின் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை உண்கிறார்கள். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்நேரத்தைத் திக்ரில் கழிக்கிறார்கள். காலை வெயிலில் எமது கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடக்கிறார்கள். நம் பகுதிக்கே உரிய கேழ்வரகுக் களி மீண்டும் வீட்டில் இடம் பெற்றுவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. உளூச் செய்யும் இடத்தில் கைப்பிடியும் பொருத்தியிருக்கிறோம்.

சகோதரர்களே, ஆலை ஷிப்டு முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் தாயாரிடம் ஒன்று கேளுங்கள்: முதுகு வலிக்கிறதா, உயரம் குறைந்ததுபோல் தோன்றுகிறதா, சிறு விழுகையில் எலும்பு முறிந்ததுண்டா? ஆம் என்றால், ஸபூரை உபதேசிக்கும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஸகரிய்யா (அலை) அவர்களின் மெல்லிய குரலைச் செவியுற்ற அல்லாஹ், நம் பெற்றோரின் குரலைக் கேட்கும் செவியை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.