படம் எடுத்தால் போதுமா?

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவர்)

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். அவற்றுள் ஒளிப்படக் கலைக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது. 1839-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உலகறிய வெளிவந்த இளைய கலை அது. ஆயினும் இருபது ஆண்டுகள் நிறையும் முன்பே அது தமிழகத்தின் கோயில் வாசல்களுக்கு வந்துவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, பெரிய பெட்டிக் கேமராவுடன் மதுரையிலும் தஞ்சையிலும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். அரிய செயல்தான். ஆனால் எடுத்தது தஞ்சையில். அசல் படிகள் இருப்பதோ கடல் கடந்த அருங்காட்சியகங்களில்!

எடுத்த படம் யாரிடம் போய்ச் சேர்கிறது? வகுப்பறையில் எழுந்த இந்தக் கேள்வி, என் தொழிலிலும் என்னை விடாமல் தொடர்கிறது.

ஆம், எனக்கு ஒரு தொழில் உண்டு. திருமுடிவாக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் நான், விடுமுறை நாள்களில் படம் எடுத்துச் சம்பாதிப்பவன். கடை கிடையாது; முதலாளி கிடையாது; பழைய கேமரா ஒன்றும் வில்லை இரண்டும் உண்டு. கூப்பிட்டால் போவேன். பஞ்சாங்கம்தான் என் சம்பளப் பட்டியல். தையும் வைகாசியும் ஆவணியும் கை நிறைக்கும். ஆடியும் மார்கழியும் கையை விரிக்கும். அந்த வெறும் மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்வேன். வேலை இல்லாத நாளில் மனம் போன இடத்துக்குக் கேமராவோடு போவேன்.

எங்கள் ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை இருப்பதை நண்பர்கள் அறிவார்கள். கடந்த ஆடியில் அங்குள்ள பட்டறை ஒன்றில், கடைசல் செய்த உதிரிப் பாகங்களை விலைப் பட்டியலுக்காகப் படம் எடுக்க அழைத்தார்கள். பளபளக்கும் இரும்பைப் படம் எடுப்பது எளிதன்று. கண்ணாடி போல எதிரில் உள்ளதையெல்லாம் அது வாங்கிக் காட்டும். என் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். சுற்றிலும் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் வழியே ஒளியை வடிகட்டி எடுத்தேன். வேலை முடிந்ததும், லேத்தில் நின்றிருந்த பெரியவரை, முதலாளியின் அனுமதி பெற்று ஒரு படம் எடுத்தேன். மறுவாரம் அதைத் தாளில் அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். சில நாள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டு சொன்னார்:

“முப்பது வருஷமா நான் எங்க போறேன்னு வீட்ல தெரியும், தம்பி. என்ன செய்றேன்னு இப்பத்தான் பார்த்தாங்க.”

அன்று அவர் கொடுத்தது சொல் மட்டுந்தான். ஆனால் உதிரிப் பாகங்களுக்குப் பெற்ற கூலியைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆவணியில் வேலை எல்லாம் திருநீர்மலையில். மலைமேல் அரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணர். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் பெருமாள் காட்சி தரும் தலம். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், அது வடியும் வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தல வரலாறு. ஒளிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கச் சலித்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கதை அது!

முகூர்த்த நாளில் அங்கே மாலைகளுக்கும் மேளத்துக்கும் குறைவிராது. அத்தகைய நாளொன்றில் என்னை அழைத்தவர்கள் ஐந்தே பேர். மணமக்கள், மணமகனின் தாயார், நண்பர்கள் இருவர். பெண் வீட்டார் ஒருவரும் வரவில்லை. காரணத்தை நான் கேட்கவில்லை. புறப்படும்போது அந்தப் பெண் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்து, “அம்மாவுக்கு ஒரு படம் மட்டும் அனுப்பிடுங்கண்ணா” என்றாள். படத்தின் பின்புறம் என் தொலைபேசி எண்ணைக் குறித்து விரைவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் சென்று ஓர் அம்மையார் பேசினார். மகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. “பின்னால நிக்கிறது மாப்பிள்ளையோட அம்மாவா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாம்மா” என்றேன். “சரிப்பா” என்று வைத்துவிட்டார். அந்தச் ‘சரிப்பா’வில் ஒரு தாயின் நெஞ்சு இறக்கி வைத்த பாரத்தை நான் கேட்டேன்.

மார்கழியில் வேலை இல்லை. விடியற்காலையில் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வழியே பள்ளிக்கரணைக்குப் போனேன். சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்லும் சாலை அது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்ற நிலம். பனிமூட்டத்தில் பூநாரைகளும், நாணலுக்குள் நீலத் தாழைக்கோழிகளும் கிடைத்தன. பூநாரைக்குப் படி கொடுக்க முடியாதே! ஆகவே வழியில் நான் தேநீர் அருந்திய கடைக்கு ஒன்று கொடுத்தேன். கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். நாள்தோறும் அவ்வழியே வண்டி ஓட்டுபவர்கள், “இது எந்த ஊரு?” என்று கேட்கிறார்களாம். “நீ இப்போ தாண்டி வந்த ஊருதான்யா” என்பாராம் அவர்.

படியின் அருமையை எனக்குக் கற்பித்தது வெள்ளம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரில் என் அத்தை வீட்டுக்குள்ளும் நீர் புகுந்தது. நான் அப்போது சிறுவன். நீர் வடிந்ததும் எல்லா மொட்டை மாடிகளிலும் ஆல்பங்கள் காய்ந்தன. பழைய ஒளிப்படத் தாளின் மேற்பூச்சு ஊன்பசையால் ஆனது. நனைந்தால் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நல்ல நீரில் மீண்டும் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. இழுத்தபோது முகங்கள் கழன்று வந்தன. படம் எடுத்த கடையோ மூடப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அத்தையின் திருமணப் படம் ஒன்று மட்டும் பிழைத்தது. எப்படி? அன்று வாசித்த நாதசுரக்காரர் தாமும் அதில் இருப்பதால் ஒரு படி கேட்டிருந்தார். தாத்தாவும் மனமுவந்து கொடுத்திருந்தார். குன்றத்தூரில் அவர் வீட்டுச் சுவரில் இருபது ஆண்டுகளாக அது தொங்கிக்கொண்டிருந்தது! இன்று அத்தை வீட்டில் இருப்பது அதைப் பார்த்து எடுத்த படிதான். ஒரு வீட்டில் இருக்கும் படம் உடைமை. நான்கு வீட்டில் இருக்கும் படம் காப்பு.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கிய பெருந்தகை. 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். யானைக் கூட்டத்தைப் படம் எடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1950 முதல் மறையும் வரை 46 ஆண்டுகள் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் விடாது எழுதி, தாம் கண்ட உயிர்களைக் காடே காணாதவர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தார். எடுத்தலும் கொடுத்தலும் அவருக்கு ஒரே வேலையின் இரு கைகள்.

நண்பர்களே! இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உறங்குகின்றன. கருவி பழுதானால் அவையும் போகும். ஒரு சிறு படத்தை அச்சிட ஆகும் செலவு ஏறக்குறைய ஒரு தேநீர்க் காசு. நம் ஆண்டு மலரின் குழுப் படங்களில் முதல்வரும் பேராசிரியர்களும் நாமும் அணிவகுத்து நிற்கிறோம். வாயில் காப்பவரும், வகுப்பறை பெருக்கும் அம்மாவும், ஆய்வுக்கூட உதவியாளரும் அந்த வரிசையில் நிற்பதில்லை. இவ்வாண்டு அவர்களை நான் எடுக்கப் போகிறேன். கேமரா உள்ளவர்கள் உடன் வாருங்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டுக் கலைந்து போக வேண்டாம். அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதி, முதல் படியை அவர்கள் கையிலேயே கொடுப்போம்!