ஆபீஸ் சர்வரைக் கூப்பிட்டா வீட்டு கேமரா வருது!

வைஃபைல கோடு எல்லாம் ஃபுல்லா இருக்கு. யூட்யூப் ஓடுது. வீடியோ கால்ல எதிர்ல இருக்கிறவர் மூக்குல உக்காந்த ஈ வரைக்கும் தெரியுது. ஆனா ஆபீஸ் சர்வர்ல ரெண்டு மட்டும் திறக்கவே மாட்டேங்குது. வீட்டுல உக்காந்து பொட்டி தட்டுற மக்கள் யாருக்காவது இந்த வியாதி இருந்தா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். நடுவுல கொஞ்சம் டெக்னிக்கலா போகும். பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிச்சுடுங்க, பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன் :-)

2024 ஆகஸ்ட்ல அப்பா வாசப்படியில வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன். அக்கா வெளிநாட்டுல இருக்கா. அம்மாவுக்கு மூட்டுவலி. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவை மெதுவா எழுப்பி, வாக்கரைப் பிடிக்க வச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான்தான். மேனேஜர் ஆறு வாரம் ஊர்ல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டார். "ஆனா வேலை நிக்கக் கூடாது"ன்னு ஒரு வாலையும் சேர்த்து விட்டார்.

தென்காசி பக்கத்துல எங்க ஊருக்கு ஃபைபர் லைன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லேப்டாப்பைத் திறந்து வி.பி.என். போட்டேன், கனெக்ட் ஆச்சு. மெயில் வந்துச்சு, சாட் வந்துச்சு. நான் புடுங்க வேண்டிய ஆணி எல்லாம் இருக்கிற டெஸ்ட் சர்வரும், அதுக்குப் பக்கத்து விக்கி சர்வரும் மட்டும் வரலை.

ஃபைபர் கம்பெனிக்கு போன் போட்டா, "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". பண்ணியாச்சு. ஆபீஸ் ஹெல்ப்டெஸ்க்ல கேட்டா, "மத்த எல்லாருக்கும் வருதே, உங்க இன்டர்நெட்தான் பிரச்னை". மறுநாள் லைன் பாக்கிற தம்பி வந்து, ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "98 வருது சார், எங்க சைடு ஓகே"ன்னு காட்டிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவர் சைடு நெஜமாவே ஓகேதான்.

அம்மா மட்டும் வந்து வந்து பாத்துக்கிட்டு இருந்தா. "ஏய்யா, அந்தப் பொட்டில பச்சை லைட்டு எரியத்தானே செய்யுது, பொறவு என்ன?"

அம்மா கேட்டது அற்பமான கேள்வி இல்லை. பச்சை லைட்டும் வைஃபை கோடும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: வாசல் வரைக்கும் ரோடு நல்லா இருக்கு. அதுக்கு மேல உங்க பாக்கெட் எந்தப் பக்கம் திரும்புதுங்கிறது வேற கதை. அதைப் பாக்கத்தான் பிங், ட்ரேஸ்ரூட் எல்லாம் இருக்கு. 1983ல மைக் மூஸ் எழுதின பிங்கும், 1987ல வான் ஜேக்கப்சன் எழுதின ட்ரேஸ்ரூட்டும் இன்னைக்கும் சோறு போடுது. ட்ரேஸ்ரூட் ரொம்ப அழகான குறும்பு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ஆயுசு நம்பர் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதுல ஒண்ணைக் குறைக்கும். பூஜ்யம் ஆனா அந்த ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு "இங்க செத்துப் போச்சு"ன்னு தகவல் அனுப்பும். ஆயுசு 1, 2, 3ன்னு வேணும்னே கூட்டிக்கிட்டே போனா, வழியில இருக்கிற ரவுட்டர்கள் ஒவ்வொண்ணா பேரைச் சொல்லும்.

விக்கி சர்வருக்கு பிங் போட்டேன். "போய்ச் சேர முடியலை"ன்னு பதில் வந்தது. அது பெரிசில்லை. பதில் எந்த ஐ.பி.ல இருந்து வந்துச்சுன்னு பாருங்க: 192.168.1.5. அது என் லேப்டாப்போட சொந்த நம்பர்! பாக்கெட் வீட்டை விட்டு வெளியிலயே போகலை. லேப்டாப்பே நடுக்கூடத்துல நின்னு "இந்த ஆள் யாருப்பா?"ன்னு கத்திப் பாத்துட்டு, யாரும் ஏன்னு கேக்கலைன்னதும் என்கிட்டயே வந்து முறையிட்டிருக்கு.

அடுத்து டெஸ்ட் சர்வர், 192.168.1.10. இது பதில் சொல்லுச்சு. 2 மில்லி செகண்ட்ல! சென்னை ஆபீஸ்ல இருக்கிற மெஷின், நடுவுல வி.பி.என். சுரங்கம், இதெல்லாம் தாண்டி தென்காசிக்கு 2 மில்லி செகண்ட்ல பதில் வருதுன்னா ஒண்ணு அதிசயம், இல்லேன்னா ஆள்மாறாட்டம். பிரவுசர்ல அந்த நம்பரை அடிச்சுப் பாத்தேன். எங்க வீட்டு வாசல் கேமரா ரெக்கார்டரோட லாகின் பக்கம் வந்து நின்னுச்சு. அவ்வ்வ்...

ரூட் பிரின்ட் அடிச்சதும் ஜாதகம் வெளிய வந்துடுச்சு. 192.168.1.0ங்கிற ஒரே நெட்வொர்க்குக்கு ரெண்டு வரி. ஒண்ணு வீட்டு வைஃபை, இன்னொண்ணு வி.பி.என். எங்க ஆபீஸ் வி.பி.என். எல்லாத்தையும் சுரங்கத்துல இழுக்காது, ஆபீஸ் நெட்வொர்க்குகளுக்கு மட்டும்தான் வழி போட்டுக்கொடுக்கும். அந்த வழியும் வீட்டு வழியும் ஒரே அளவுல இருந்தா, மெட்ரிக் குறைவா இருக்கிறது ஜெயிக்கும். வீட்டு வழிக்குத்தான் மெட்ரிக் குறைவு. மெயிலும் சாட்டும் வேற நம்பர் வரிசையில இருந்ததால தப்பிச்சுதுங்க.

ஏன் இப்படி முட்டிக்கிச்சு? 1996 பிப்ரவரியில வந்த ஆர்.எஃப்.சி. 1918, வீட்டுக்குள்ளயும் ஆபீஸுக்குள்ளயும் யார் வேணா யாரையும் கேக்காம வச்சுக்கலாம்னு மூணு வரிசையை ஒதுக்கிச்சு. 10ல ஆரம்பிக்கிறது முழுசும், 172.16ல இருந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168. பத்துல மட்டும் 1,67,77,216 நம்பர் இருக்கு. 192.168லயே இந்த மாதிரி சின்ன நெட்வொர்க் 256 போடலாம். இவ்வளவு காலி மனை கிடந்தும், பொட்டி செய்யறவங்க பாதிப் பேர் 192.168.1லயே வந்து குடிசை போடுறாங்க. வீடுன்னா பரவாயில்லை. ஊரெல்லாம் வி.பி.என்.ல வந்து சேரும்னு தெரிஞ்ச ஒரு ஆபீஸ் அதே நம்பரை வைக்கலாமா? யாரு வச்ச புண்ணியவானோ, அவர் எப்பவோ வேலையை விட்டுப் போயிட்டாராம்.

ரோக நாடி புரிஞ்சாலும் உறுதிப்படுத்தணும் இல்லையா? அப்பாவைப் பாக்க வந்த சித்தப்பா பையனோட ஐபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டேன். அது கொடுக்கிற நம்பர் 172.20.10ல வரும். ரெண்டு சர்வரும் பட்டுனு திறந்துச்சு. அப்ப அதையே வச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுல சிக்னல் மொட்டை மாடியிலதான் எடுக்கும். அப்பா கீழ இருக்கார்.

வழி ரெண்டு மூணு இருந்துச்சு. அந்த சர்வருக்கு மட்டும் லேப்டாப்ல தனியா ரூட் போடலாம். கம்பெனி லேப்டாப்ல எனக்கு அட்மின் உரிமை கிடையாது. ஃபைபர் பொட்டியோட நம்பரை மாத்தலாம். பாஸ்வேர்டை "ஆபீஸ்ல கேக்கணும் சார்"ன்னுட்டார் தம்பி. ஆபீஸ் நம்பரை மாத்தச் சொல்லி டிக்கெட் போட்டேன், அது ஆயுஷ்மான் பவ.

இதுக்குள்ள மூணு நாள் ஓடிப்போச்சு. மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனா அன்னைக்கு சாயங்காலம் "திங்கட்கிழமைக்குள்ள சரியாகலைன்னா கிளம்பி வந்துடுங்களேன்"னார். கட்டில்ல இருந்து அப்பா, "என்னால உன் சோலி கெட வேண்டாம்ல, நீ போ"ன்னார். அவரால அப்ப தனியா எந்திரிச்சு உக்காரக்கூட முடியாது.

பரண்ல காலேஜ் காலத்து ரவுட்டர் ஒண்ணு கிடந்துச்சு. தூசி தட்டி எடுத்து, லேப்டாப்பை அதோட மட்டும் சேர்த்து, அதோட உள் நம்பரை 192.168.77.1னு மாத்தினேன். ஃபைபர் பொட்டியோட லேன் போர்ட்ல இருந்து ஒரு ஒயரை எடுத்து, இந்தப் பழசோட வேன் போர்ட்ல சொருகினேன். போர்ட்டை மட்டும் கவனமா பாத்துக்குங்க. பழசுலயும் லேன் போர்ட்ல சொருகினா ரெண்டும் ஒரே நெட்வொர்க்கா ஆகி, மறுபடியும் முதல்ல இருந்தா?ன்னு ஆயிடும்.

இப்ப லேப்டாப் 77ல இருக்கு. அதோட ரூட்டிங் டேபிள்ல 192.168.1ங்கிறதுக்கு வி.பி.என். வரி மட்டும்தான். டெஸ்ட் சர்வர் 40 மில்லி செகண்ட்ல வந்துச்சு. மெதுவா வந்ததைப் பாத்து ஒருத்தன் சந்தோஷப்பட்டது நானாத்தான் இருப்பேன். இரட்டை நேட் ஆச்சேன்னு சாஸ்திரம் தெரிஞ்சவங்க முகம் சுளிக்கலாம். உள்ள இருந்து வெளிய போற வி.பி.என்.னுக்கு அதனால ஒரு குறையும் வரலை. அம்மா போன், டிவி, கேமரா எல்லாம் பழைய வைஃபைலயே இருந்ததால எதையும் தொடக்கூட வேண்டியிருக்கலை.

சனிக்கிழமை ராத்திரியே மேனேஜருக்கு மெசேஜ் போட்டாச்சு. ஆறு வாரம், எட்டு வாரம் ஆச்சு. ஏழாவது வாரம் அப்பா வாக்கரோட வாசல் வரைக்கும் தனியாவே போய்ட்டு வந்தார்.

பழைய ரவுட்டர் இன்னும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலதான் இருக்கு. 192.168.77.1னு பேனாவால எழுதி மேல ஒட்டி வச்சிருக்கேன். அம்மா அதுக்கும் ஒரு துணி உறை தைச்சுப் போட்டுட்டா. சூடாகும்மான்னு சொல்லி, போறப்ப எல்லாம் எடுத்துட்டு வர்றேன். அடுத்த தடவை போனா மறுபடி போட்டிருக்கும்.

டிஸ்கி: அந்த டிக்கெட் இன்னும் ஓபன்லதான் இருக்கு :-)